மூன்றாவது காணொலிக்காகவே பணம் கட்டலாம், பயிற்சிப் பகுதிக்கு அல்ல

அடுக்குக்குறிச் சார்பு, மடக்கைச் சார்பு இரண்டின் வகைக்கெழுக்களையும் (அதாவது வளைவின் சாய்வு ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு என்பதை) மனப்பாடம் செய்து பாஸ் ஆனவன் நான். மகளுக்குச் சொல்லித்தர உட்கார்ந்தபோது சூத்திரம் தானாக வந்தது. "ஏன்ப்பா அப்படி?" என்று அவள் கேட்டதற்குத்தான் பதில் வரவில்லை. அதனால்தான் இந்த இணைய வகுப்பில் சேர்ந்தேன். எல்லாம் பதிவுசெய்த காணொலிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பயிற்சிக் கணக்கு, விடையைத் தட்டினால் செயலியே திருத்தும்.

மூன்றாவது காணொலி அருமை. 2-இன் அடுக்கு எக்ஸ் என்ற வளைவுக்கு, எக்ஸ் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் சாய்வு என்ன? ஆசிரியர் சூத்திரம் பக்கமே போகவில்லை. 2-இன் அடுக்கு 0.1 எடுத்து, 1 கழித்து, 0.1-ஆல் வகுக்கிறார்: 0.7177. அடுத்து 0.01-க்கு 0.6956, 0.001-க்கு 0.6934. பிறகு 2-ஐ அழித்துவிட்டு 3 போடுகிறார்: 1.0992. 2-க்கு ஒன்றுக்குக் கீழே, 3-க்கு ஒன்றுக்கு மேலே. சரியாக 1 வருகிற அடிமானம், அதாவது அந்த 2, 3 இருக்கும் இடத்தில் போட வேண்டிய எண், எங்கே இருக்கும் என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிறார். 2.718 என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்!

அந்த 2.718...-ஐத்தான் ஈ (e) என்கிறார்கள். ஈ-யின் அடுக்கு எக்ஸை வகையிட்டால் அதுவே திரும்ப வருவது ஏதோ மாயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எந்த அடிமானமும் அப்படித்தான் நடந்துகொள்கிறது, கூடவே ஒரு பெருக்கல் எண் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். 2-க்கு அது 0.6931, அதாவது 2-இன் இயல் மடக்கை (ஈ-யை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 2 வரும் என்ற எண்). ஈ-க்கு அது 1.

மடக்கைப் பாடம்தான் அவசரம். ஈ வளைவில் உயரம் 5 உள்ள இடத்தில் சாய்வும் 5. மடக்கை அடுக்கின் தலைகீழ் என்பதால், வரைபடத்தை மூலைவிட்டக் கோட்டில் புரட்டினால் மடக்கை வளைவு கிடைக்கும். அந்த 5 இப்போது எக்ஸ் ஆகிவிடும், சாய்வு ஐந்தில் ஒன்றாகிவிடும். 1/எக்ஸ் வருவது இதனால்தான். இவ்வளவு நல்ல விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஓடுகிறார். நிறுத்தி, தாளில் வரைந்து பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

இன்னொன்று, அவர் வெறும் 'லாக்' என்று எழுதுவதெல்லாம் இயல் மடக்கை. அதை எங்கேயும் சொல்லவில்லை. என் கால்குலேட்டரில் லாக் 2 போட்டால் 0.3010 வந்தது, ஏனென்றால் அது 10 அடிமானம். அரை மணி நேரம் போச்சு.

பயிற்சிப் பகுதி இன்னும் மோசம். 5எக்ஸின் இயல் மடக்கையை வகையிடச் சொன்னது. 1/எக்ஸ் என்று தட்டினேன். சிவப்பு. அதற்கு 5/5எக்ஸ்தான் வேண்டுமாம். சரி, ஒரே விடைதானே? 5எக்ஸின் மடக்கை என்பது 5-இன் மடக்கையும் எக்ஸின் மடக்கையும் சேர்ந்தது. முதலாவது மாறிலி, வகையிட்டால் போய்விடும். அந்தக் கணக்கின் அழகே 5 காணாமல் போவதுதான், செயலி அதைத்தான் தப்பு என்கிறது. எழுதிக் கேட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

மகள் 5/5எக்ஸ் என்று தட்டிப் பச்சை வாங்கிவிட்டாள். நான் மாற்றவில்லை. எனக்கு இன்னும் 10-க்கு 9தான் காட்டுகிறது.