கூலிப்படையா, முள் இளவரசனா, ஒன்பது விரல்காரனா?

"கேம் ஆஃப் த்ரோன்ஸ் பார்த்து முடித்துவிட்டேன். அதே மாதிரி இருட்டாக, ரத்தமும் மந்திரமுமாகப் படிக்க ஏதாவது சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பெயர்கள் வந்து விழும். க்ளென் குக் 1984-இல் எழுதிய 'தி பிளாக் கம்பெனி'. ஜோ ஆபர்க்ராம்பியின் 'தி பிளேட் இட்செல்ஃப்', 2006. மார்க் லாரன்ஸின் 'பிரின்ஸ் ஆஃப் தார்ன்ஸ்', 2011. மூன்றுமே முத்தொகுதிகளின் முதல் புத்தகம். மூன்றையும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற வாசகர்கள் இருக்கிறார்கள், நாற்பது பக்கத்தில் மூடி வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

நான் இவற்றைத் தலைகீழாகப் படித்தேன். முதலில் லாரன்ஸ், அப்புறம் ஆபர்க்ராம்பி, கடைசியாக குக். அப்போதெல்லாம் வாங்குவதற்கு முன் 5 நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பேன். அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள்: அருமை, கீழே வைக்க முடியவில்லை, விடிய விடியப் படித்தேன். இதை எந்தப் புத்தகத்தின் மேல் வேண்டுமானாலும் ஒட்டலாம். கோபமாக ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டுகிறவர்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறார். அதனால் இங்கே திட்டுகளில் இருந்தே தொடங்குகிறேன்.

'பிளேட் இட்செல்ஃப்' வாங்கும் முதல் திட்டு, கதையே இல்லை என்பது. 500 பக்கத்துக்கு மேல் போகிற புத்தகம் அது. வடக்கே ஒரு போர் தொடங்குகிறது, தெற்கே இன்னொன்று புகைகிறது, பயாஸ் என்ற வழுக்கைத் தலை மந்திரவாதி எதற்கென்று சொல்லாமலே ஆட்களைச் சேர்க்கிறார். ஆட்கள் சேர்ந்து, கப்பலேறி, பயணம் கிளம்புகிற இடத்தில் புத்தகம் முடிந்துவிடுகிறது. சுருதி சேர்த்து முடித்ததும் கச்சேரி முடிந்தது என்று வித்வான் எழுந்து போன மாதிரி. இந்தப் புகார் முழுக்க நியாயமானது. புத்தகத்தின் தீவிர ரசிகர்கள்கூட இதை மறுப்பதில்லை. "ஆமாம், அதனால் என்ன?" என்பதுதான் அவர்கள் பதில்.

அந்த 'அதனால் என்ன'வுக்கு ஒரு பெயர் இருக்கிறது: க்ளோக்டா. இளமையில் வாள்போட்டியில் பட்டம் வென்ற அழகன். குர்க்கிஷ் பேரரசனின் சிறையில் இரண்டு வருடம் சித்திரவதைப்பட்டுத் திரும்பி வந்தவன். காலில் பாதி செயலிழந்துவிட்டது. பற்களைக் கணக்காகப் பிடுங்கியிருக்கிறார்கள்: மேலே பல் இருக்கும் இடத்தில் கீழே இருக்காது, கீழே இருக்கும் இடத்தில் மேலே இருக்காது. கஞ்சி மாதிரி எதையாவது விழுங்கித்தான் வாழ்கிறான். மாடிப்படி என்றாலே அவனுக்கு ஜென்ம விரோதி. அவன் இப்போது பார்க்கும் வேலை, அரசுக்காக மற்றவர்களைச் சித்திரவதை செய்வது. வாய் ஒன்று பேசும், மனசு சாய்ந்த எழுத்தில் வேறொன்று முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பில் இருக்கும் குசும்புக்காகவே முத்தொகுதி முழுவதையும் இரண்டாம் முறை படித்தவர்கள் உண்டு. சித்திரவதைக்காரன் ஒருவனைப் பிடித்துப் போய்விட்டதே என்று வாசகர்கள் கூச்சத்தோடு ஒப்புக்கொள்வதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எனக்கும் அதே கூச்சம்.

லோகன் என்கிற ஒன்பது விரல்காரனுக்கு அடுத்த இடம். ஊரெல்லாம் அஞ்சும் கொலைகாரன், ஆனால் தனியாக மாட்டிக்கொண்டபோது ஒரு பழைய சமையல் பானையைத் தோழனாக நினைக்கிறவன். மூன்றாமவன் ஜெசால், தற்பெருமை பிடித்த பணக்கார வாள்வீரன். இவனை எல்லோரும் வெறுக்கிறார்கள். வெறுக்க வைப்பதற்காகவே எழுதப்பட்டவன் என்பதால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆக, சம்பவம் வேண்டும் என்று வந்தவர் ஏமாறுகிறார், ஆட்களைப் பார்க்க வந்தவர் உட்கார்ந்துவிடுகிறார். இன்னொரு புகாருக்குத்தான் ரசிகர்களிடம் நல்ல பதில் இல்லை. பெண்கள் குறைவு. சொல்லும்படியாக இருப்பவர்கள் ஃபெர்ரோ, ஆர்டி என்று இரண்டே பேர். ஆபர்க்ராம்பியின் அடுத்தடுத்த நாவல்களில் இது மாறியது. 2009-இல் வந்த 'பெஸ்ட் சர்வ்டு கோல்டு' நாவலுக்குக் கூலிப்படைத் தலைவியான ஒரு பெண்தான் நாயகி. ஆனால் முதல் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அது ஆறுதல் ஆகாது.

'பிரின்ஸ் ஆஃப் தார்ன்ஸ்' பற்றிய சண்டை வேறு ரகம். கதை போதுமா, வர்ணனை போதுமா என்ற பேச்சே அங்கே எழுவதில்லை. அந்தப் பையனோடு 300 பக்கத்துக்கு மேல் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. பையன் பெயர் ஜோர்க். ஒன்பது வயதில் முட்புதருக்குள் சிக்கி, அசைய முடியாமல் தொங்கிக்கொண்டு, தாயும் தம்பியும் கொல்லப்படுவதைப் பார்த்தவன். பதின்மூன்று வயதில் ஒரு கொள்ளைக் கும்பலுக்குத் தலைவன். பதினைந்துக்குள் அரசனாகிவிட வேண்டும் என்று திட்டம் வைத்திருக்கிறான். புத்தகம் திறந்த உடனேயே அவன் கும்பல் ஒரு கிராமத்தை அழித்து முடித்திருக்கிறது. அங்கே நடந்த கொலையையும் வன்புணர்வையும் அவனே, தன்மையில், வானிலை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போகிறான்.

பாதிப் பேர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். பெண்களுக்கு நேரும் கொடுமையை ஒருவனின் 'கெத்து' காட்டும் நகையாக மாட்டிவிட்டிருக்கிறார் ஆசிரியர் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. எதிர்த் தரப்பு சொல்வது: கொடுமை பக்கங்களில் விரிவாக வருவதே இல்லை, அவன் தலைக்குள்ளிருந்து பார்க்கிறோம் அவ்வளவுதான், புத்தகம் அவனுக்குக் கைதட்டவில்லை. 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில் தன் வன்முறைகளைத் தானே சொல்லும் பையன் அலெக்ஸ்தான் தனக்குத் தூண்டுதல் என்று லாரன்ஸே சொல்லியிருக்கிறார். அந்த நாவலைத் தெரிந்தவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையோடு படிக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஜோர்க் வெறும் ரவுடிப் பையன்.

நான் இரண்டு தரப்பிலும் இல்லை. ஜோர்க்கின் கொடூரம் என்னைத் துரத்தவில்லை, அவனுடைய அதிர்ஷ்டம்தான் துரத்தியது. முரட்டு ஆட்கள் எல்லாம் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் பேச்சுக்கு அடங்குகிறார்கள். பெரிய தடை வரும்போதெல்லாம் அதைத் தாண்ட அவனுக்கு ஒரு வழி கிடைத்துவிடுகிறது. நம்ம ஊர் மாஸ் படத்தில் ஹீரோ அறிமுகக் காட்சி முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. வயதை மட்டும் இருபது என்று மனசுக்குள் மாற்றிக்கொண்டு படித்ததாகச் சிலர் சொல்கிறார்கள். நானும் முயன்றேன், பலிக்கவில்லை. இவ்வளவு குறை சொல்கிறேனே தவிர, மூன்றில் வேகமாகப் படித்து முடித்தது இதைத்தான். இரண்டே இரவு. அத்தியாயங்கள் குட்டி குட்டியாக இருக்கும், வாக்கியம் ஒவ்வொன்றும் கத்தி மாதிரி.

அந்த உலகம் எது என்ற விஷயமும் இருக்கிறது. இடைக்காலக் கோட்டை, குதிரை என்று போய்க்கொண்டிருக்கும்போது நம் உலகத்துத் தத்துவ ஞானிகளின் பெயர்கள் சாதாரணமாக வந்து போகும். படிக்கிறவருக்கு உறுத்தும், ஆசிரியர் தவறிவிட்டாரோ என்று தோன்றும். தவறவில்லை. அதற்கு மேல் சொன்னால் ஸ்பாய்லர். இந்த ஒன்றுக்காக ஜோர்க்கை மன்னித்து இரண்டாம் பாகத்துக்குப் போனவர்கள் ஏராளம். 2012-இல் வந்த அந்த 'கிங் ஆஃப் தார்ன்ஸ்' முதலாவதைவிட நன்றாக இருக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் ஓரளவு ஒற்றுமை உண்டு.

சரி, 'பிளாக் கம்பெனி'. இதன் மேல் வரும் புகார்: ஒன்றும் புரியவில்லை, ஆசிரியர் எதையும் விளக்க மாட்டேன் என்கிறார். ஊர் எப்படி இருக்கும், மந்திரம் எப்படி வேலை செய்யும், இந்த ஆள் எப்படிப் பார்க்க இருப்பான், எதற்கும் பதில் கிடையாது. பெயர்கள்கூட முழுப் பெயர்கள் இல்லை. குரோக்கர், ஒன்-ஐ, காப்ளின், சைலன்ட், ரேவன் என்று பட்டப்பெயர்களே. ஒரு பெரும் போர் இரண்டு பத்தியில் முடிந்துவிடும், சீட்டாட்டம் ஒரு பக்கம் போகும்.

காரணம், கதை சொல்கிற ஆள். குரோக்கர் ஒரு கூலிப்படையின் வைத்தியன், அந்தப் படையின் நாளாகமத்தை, அதாவது வரலாற்றுக் குறிப்பேட்டை, எழுதுகிறவனும் அவனே. தன் ஆட்களுக்காக எழுதுகிறான். கூடவே இருக்கிறவர்களுக்கு ஒன்-ஐயின் முகத்தை எதற்கு வர்ணிக்க வேண்டும்? படைக்கு வேலை கொடுத்திருப்பது 'லேடி' என்ற மகா சக்திவாய்ந்த, நல்லவள் என்று யாரும் சொல்லாத ஒரு பேரரசி. எதிரே கிளர்ச்சிக்காரர்கள். அவர்களும் உத்தமர்கள் இல்லை. ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, சம்பளம் வருகிறது, சண்டை போட வேண்டும். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டால்கீனின் பாணிக் கதைகளில் இருள் தேவனின் படையில் பெயர் இல்லாமல் செத்துப் போகிற சிப்பாய்கள் வருவார்களே, அவர்களில் ஒருத்தன் உட்கார்ந்து டைரி எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

குக் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, ஷிஃப்ட் நேரத்திலும் நாவல் எழுதினார். உரைநடையில் அது தெரிகிறது. ராணுவத்தில் இருந்தவர்கள் இந்தப் புத்தகத்தைச் சொந்தமாக நினைப்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்: காத்திருப்பு, சலிப்பு, வீண் வம்பு, மேலதிகாரி மேல் எரிச்சல், அப்புறம் திடீரென்று பயம். 'மலாசன்' என்ற மாயாஜால நாவல் தொடரை எழுதிய ஸ்டீவன் எரிக்சன் இதை வெளிப்படையாகவே கொண்டாடியிருக்கிறார்.

மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அது முதல் முறையில் நடக்கவில்லை. முதல் முறை அறுபது பக்கத்தில் விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து, யார் யார் என்று நினைவில் வைக்கும் முயற்சியைக் கைவிட்டுவிட்டு, ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பழங்கதை சொல்லும்போது தெரியாத பெயர்களை விட்டுவிட்டுக் கேட்போமே, அந்த மாதிரி படித்தேன். ஓடிவிட்டது. முரட்டு ரேவன், காது கேளாத, வாய் பேசாத ஒரு சிறுமியைச் சிப்பாய்களிடமிருந்து மீட்டுக் கூடவே வைத்துக்கொள்கிறான். குரோக்கர் அதற்கு அதிகம் வரிகள் செலவழிப்பதில்லை. தன் படையினர் செய்த அட்டூழியங்களையும் அப்படியே தொட்டுவிட்டு நகர்கிறான். அந்த நகர்வில் ஒரு வெட்கம் இருக்கிறது. கிராமத்துக் கொடுமையை ஜோர்க் சொல்லும் விதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே இருட்டை எழுத எத்தனை வழி இருக்கிறது என்று புரியும். ஜோர்க் காட்டிக்கொள்கிறான், குரோக்கர் மறைக்கிறான். க்ளோக்டா சிரிக்கிறான்.

இந்த மூன்றையும் 'கிரிம்டார்க்', அதாவது இருட்டும் கொடூரமும் நிறைந்த மாயாஜாலக் கதைகள், என்ற ஒரே அலமாரியில் வைப்பது வழக்கம். அந்தச் சொல்லே 'வார்ஹாமர் 40,000' என்ற விளையாட்டின் விளம்பர வரியில் இருந்து கிண்டலாகப் பிறந்ததுதான். அந்த விளையாட்டு வந்தது 1987-இல். குக்கின் புத்தகம் அதற்கும் மூன்று வருடம் மூத்தது. பேரனுக்கு வைத்த பட்டப்பெயரைத் தாத்தாவுக்கும் போட்டுவிட்டார்கள்.

ஆங்கிலம் எது சுலபம் என்று கேட்பவர்களுக்கு: லாரன்ஸ். சின்ன வாக்கியங்கள், ஒரே குரல். ஆபர்க்ராம்பி நீளமாக எழுதினாலும் தெளிவாக எழுதுகிறார். வடநாட்டு முரடர்களின் பேச்சு மட்டும் பழக இரண்டு அத்தியாயம் ஆகும். படிக்க அலுப்பாக இருந்தால் ஸ்டீவன் பேஸி (Steven Pacey) என்ற நடிகர் வாசித்த ஒலிநூல் இருக்கிறது. க்ளோக்டாவுக்கு அவர் கொடுக்கும் பல்லில்லாத குரலைக் கேட்ட பிறகு பலருக்கு அச்சுப் புத்தகத்துக்குத் திரும்ப மனம் வருவதில்லை. குக்கின் வாக்கியங்கள்தான் எல்லாவற்றையும்விடக் குட்டையானவை, ஆனால் சொல்லாமல் விட்டதை நாம்தான் நிரப்ப வேண்டும். அகராதி அதற்கு உதவாது.

ஆகவே நான் சிபாரிசு செய்யும்போது புகார்களைத்தான் சொல்கிறேன். "கதை மெதுவாக நகரும், ஆனால் ஆட்கள் பிரமாதம்" என்றால் கண் மின்னுகிறவருக்கு ஆபர்க்ராம்பி. "நாயகனைப் பார்த்தால் உங்களுக்கு அறைய வேண்டும் போல இருக்கும்" என்றதும் யார் இன்னும் கிட்டே வருகிறாரோ அவருக்கு லாரன்ஸ். சின்னப் பிள்ளைகளுக்கு இதில் எதுவும் கிடையாது, பதினாறு வயதுப் பையன் ஜோர்க்கைக் கேட்டால் நான் இன்னும் தயங்கத்தான் செய்கிறேன். "முதல் எழுபது பக்கம் ஒன்றும் புரியாது" என்றும் பயப்படாதவர்கள் குறைவு. அவர்களுக்கு என்னிடம் இருக்கும் பழைய 'பிளாக் கம்பெனி' பிரதியையே கொடுத்துவிடுவேன்.

இரவல் வாங்காமல் விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று. லாரன்ஸும் குக்கும் முதல் புத்தகத்திலேயே ஒரு கட்டத்தை முடித்துக் கொடுக்கிறார்கள், பிடிக்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆபர்க்ராம்பி என்றால் முதல் இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். ஒன்று மட்டும் வாங்கினால், நடு ராத்திரியில் க்ளோக்டாவை விட்டுவிட்டு, கப்பல் கிளம்பிப் போவதைத் துறைமுகத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.