சிச்சென் இட்ஸாவும் இரண்டு செனோட்டேகளும்: வழிகாட்டிக்கு ஐந்து நட்சத்திரம், நிறுவனத்துக்கு இரண்டு

சிங்கப்பூரிலிருந்து மெக்சிகோவுக்கு யார் போகப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். பார்க்கப் போகும் பெற்றோர் அப்படியே மெக்சிகோவின் கடற்கரை ஊரான கன்கூனுக்கும் ஒரு எட்டு போய்விட்டு வருகிறார்கள். எங்கள் கதையும் அதுதான். மகன் ஹியூஸ்டனில் இருக்கிறான். அங்கிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு மெக்சிகோ விசா தேவையில்லை. நான், கணவர், அவருடைய அக்கா என மூன்று பேர் போனோம். கன்கூனிலிருந்து, மாயர்களின் பழைய நகரமான சிச்சென் இட்ஸாவையும் இரண்டு செனோட்டேகளையும் (குகைக் கூரை இடிந்து உண்டான இயற்கைக் கிணறுகள்) ஒரே நாளில் காட்டும் பேருந்துப் பயணம் எடுத்தோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சிறுபிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். அதற்கு முன்பு பொது நீச்சல் வளாகத்தில் உயிர்காப்பாளராக இருந்தேன். அதனால் இங்கே பிரமிடைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் எழுதுவேன். நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. இதே பயணத்தை ஏறக்குறைய இதே விலைக்கு விற்பவர்கள் கன்கூனில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

இணையத்தில் ஒருவருக்கு 110 சிங்கப்பூர் வெள்ளி கட்டினோம். ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பேருந்து நெடுஞ்சாலையில் ஏறி, இனி யாரும் இறங்க முடியாது என்ற நிலைமை வந்த பிறகு உதவியாளர் அட்டை தேய்க்கும் கருவியோடு இருக்கை இருக்கையாக வந்தார். ‘வரி’ என்றார். விஷயம் இதுதான்: சிச்சென் இட்ஸாவுக்குள் போக இரண்டு சீட்டு வேண்டும். ஒன்று மத்திய அரசின் தொல்லியல் நிறுவனத்துக்கு, இன்னொன்று அந்த இடம் இருக்கும் யுகடான் மாநிலத்துக்கு. வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்ந்து 600 பெசோவைத் தாண்டும். எங்கள் விலையில் இருந்தது ஒன்றுதான். இரண்டும் நியாயமான கட்டணங்கள், கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதை முன்பே சொல்ல அவர்களுக்கு வாய் வலித்ததா? பதிவு செய்யும்போது ‘இரண்டு சீட்டும் உள்ளே இருக்கிறதா’ என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த வயிற்றெரிச்சல், கடை. கன்கூனிலிருந்து சிச்சென் இட்ஸா ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நேராகப் போனால் இரண்டரை மணி நேரம். நாங்கள் விடுதி விடுதியாக ஆள் ஏற்றி, ஒரு பேரங்காடி வாசலில் வேறு பேருந்துக்கு மாறி, அப்புறம் ஒரு ‘கைவினைக் கூட’த்தில் ஐம்பது நிமிடம் நின்றோம். கருங்கண்ணாடிக் கல்லில் செய்த ஆமை, வெள்ளிச் சங்கிலி, உங்கள் பெயரை மாயா எழுத்தில் எழுதித் தரும் பதக்கம். விலை எல்லாம் அமெரிக்க டாலரில். சிராங்கூன் சாலையில் பேரம் பேசிப் பழகிய அக்காவே விலையைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்த ஐம்பது நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த நாளைக் காப்பாற்றியவர் வழிகாட்டி. பக்கத்துக் கிராமத்துக்காரர், மாயா இனத்தவர், வீட்டில் பேசுவது யுகடேக் மாயா மொழி. மெக்சிகோவில் இன்றும் ஏழு லட்சம் பேருக்கு மேல் பேசும் மொழி அது. பேருந்தில் ஓர் ஆள், ‘மாயர்கள் எப்படி மறைந்துபோனார்கள்?’ என்று கேட்டதற்கு அவர், “நாங்கள் எங்கேயும் போகவில்லை ஐயா, என் அம்மா இந்நேரம் வீட்டில் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருப்பார்” என்றார். நகரங்களைவிட்டுத்தான் போனார்கள், மனிதர்கள் இருக்கிறார்கள் என்று விளக்கினார். கேட்டவரும் சிரித்துவிட்டார்.

நாங்கள் சிங்கப்பூர் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி சூயிங் கம் பற்றி. வேறென்ன! 1992லிருந்து எங்கள் ஊரில் விற்பனைக்குத் தடை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. வளாகத்துக்குள் ஒரு மரத்தைக் காட்டினார், பட்டையில் பழைய குறுக்கு வெட்டுத் தழும்புகள். சப்போட்டா மரம்! நாம் தேக்கா சந்தையில் சிக்கு என்று வாங்கும் அதே பழம். வெட்டினால் வடியும் பாலைக் காய்ச்சித்தான் அந்தக் காலத்தில் சூயிங் கம் செய்தார்கள். யுகடான் காடுகளில் பால் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புவது பெரிய தொழிலாக இருந்ததாம். அந்த மரம் இரும்பு மாதிரி உறுதி என்பதால் மாயர்கள் கோயில் வாசல்களுக்கு உத்திரமாகவும் வைத்தார்கள். “உங்கள் அரசாங்கம் எங்கள் மரத்தின் மேல் ஏன் கோபப்பட்டது?” என்றார். எம்ஆர்டி ரயில் கதவில் ஒட்டிவைத்த கதையைச் சொன்னோம்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது உச்சி வெயில். எல் கஸ்தியோ பிரமிடு சுமார் 30 மீட்டர் உயரம். நாலு பக்கமும் 91 படிகள், உச்சித் தளத்தையும் ஒரு படியாகச் சேர்த்தால் 365. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் வடக்குப் படிக்கட்டின் பக்கச்சுவரில் பாம்பு இறங்குவதுபோல் நிழல் விழும். அந்த நாட்களில் கூட்டம் தாங்காது. 2006இல் ஒரு பெண் மேலிருந்து விழுந்து இறந்த பிறகு ஏற விடுவதில்லை. உள்ளே இன்னொரு பிரமிடு இருப்பதை 1930களில் கண்டுபிடித்தார்கள். பச்சைக்கல் பதித்த சிவப்புச் சிறுத்தை வடிவ இருக்கை அதற்குள்தான் கிடைத்தது. அதையும் பார்க்க முடியாது. கைதட்டத் தடையில்லை. வடக்குப் படிக்கட்டுக்கு நேரே நின்று தட்டினால், மேலேயிருந்து ஒரு பறவைக் கீச்சாகத் திரும்பி வருகிறது. கெட்ஸால் பறவையின் குரல் என்கிறார்கள். வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்களா, தானாக அமைந்ததா என்பதில் ஆய்வாளர்களிடம் ஒத்த கருத்து இல்லை. வழிகாட்டி இரண்டு பக்கத்தையும் சொன்னார். பக்கத்துக் குழுவின் வழிகாட்டி தனக்கு எல்லாம் தெரியும் என்ற தோரணையில் அடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

பந்தாட்ட மைதானம் 168 மீட்டர் நீளம். நான் வேலை பார்த்த 50 மீட்டர் நீச்சல் குளங்களை வரிசையாக வைத்தால் மூன்று வைத்து மிச்சமும் இருக்கும். மத்திய அமெரிக்கப் பழம் நாகரிகங்களின் மைதானங்களில் இதுதான் பெரியது. போர்வீரர் கோயில், மண்டையோட்டு மேடை, வானாய்வுக்கூடம் எல்லாவற்றையும் ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம். நிழல் கிடையாது. வழியெல்லாம் கடைகள். சிறுத்தை உறுமல் போடும் ஊதல் ஒன்று விற்கிறார்கள், நாலாபக்கமும் உறுமல்தான். வேண்டாம் என்று சொல்லிப் பழகிய எங்கள் வாய்க்குக்கூட அலுத்துவிட்டது.

எனக்குக் கால் நகராமல் போன இடம் ‘புனிதச் செனோட்டே’. பிரமிடிலிருந்து வடக்கே கொஞ்சம் நடக்க வேண்டும், பாதிப் பேர் வரவில்லை. சுமார் 60 மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டப் பள்ளம். பாறைச் சுவர் செங்குத்தாக இறங்குகிறது. 20 மீட்டருக்கும் கீழே பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். இங்கே குளிக்க முடியாது. சாக் என்ற மழைத் தெய்வத்துக்குக் காணிக்கை போட்ட கிணறு இது. எட்வர்ட் தாம்ப்சன் என்ற அமெரிக்கர் 1904இல் வாருவாளி இயந்திரம் கொண்டுவந்து அடிச்சேற்றை அள்ளத் தொடங்கினார். பொன், பச்சைக்கல், சாம்பிராணிபோன்ற கோபால் பிசின், மனித எலும்புகள். பெரும்பகுதி ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்துக்குப் போனது, சில பின்னாளில் திரும்பி வந்தன. நான் பார்த்தது சுவரைத்தான். பிடிக்க ஓர் இடுக்கு இல்லை, ஏற ஒரு படி இல்லை. எவ்வளவு நீந்தத் தெரிந்தவரும் வெளியே வர முடியாது. இருபது வருடம் குளத்தோரம் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு அது முதலில் தெரிந்துவிடுகிறது.

சாப்பாடு ‘பஃபே’, பானத்துக்குத் தனிக் காசு. இதில் நம் ஆட்களுக்குச் சில எச்சரிக்கைகள். இந்தப் பகுதியின் பெருமைக்குரிய கொச்சினீத்தா பிபில் பன்றி இறைச்சி: அச்சியோத்தே விதை விழுதும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தடவி, வாழையிலையில் சுற்றி, மண்ணுக்குள் குழிபோட்டு வேகவைப்பது. முஸ்லிம் நண்பர்கள் கோழியா என்று கேட்டுவிட்டு எடுங்கள். சைவக்காரர்கள் கறுப்புப் பீன்ஸைக் கண்டு பாய வேண்டாம். பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, ‘மந்தேக்கா?’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அன்று சனிக்கிழமை, அக்கா சைவம். சோள ரொட்டி, சோறு, வெண்ணெய்ப்பழம், பப்பாளியோடு முடித்துக்கொண்டார். ஆபனேரோ மிளகாய்ச் சட்டினியை என் கணவர் மட்டும் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டு ‘நமக்கென்ன’ என்றார். நம் ஊருக்கு மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்பது இரண்டாவது வாயில் அவருக்கு உறைத்திருக்கும்.

இனித் தண்ணீர். யுகடானின் வடபகுதியில் ஆறே கிடையாது. தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, மழை விழுந்ததும் உறிஞ்சிக்கொள்கிறது. பாறை உள்ளுக்குள் கரைந்து குகையாகி, கூரை இடிந்து விழுந்தால் செனோட்டே. விண்கல் விழுந்து உண்டானவை என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சிக்சுலூப்பில் விண்கல் விழுந்தது உண்மை. அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி மெரிடா பக்கம் செனோட்டேகள் வளைவாக வரிசைகட்டி நிற்பதும் உண்மை. மற்றபடி வேலை முழுக்க மழையுடையது என்றார் வழிகாட்டி.

முதலில் இக் கில் என்ற செனோட்டே. மேலிருந்து எட்டிப் பார்த்தால் 26 மீட்டர் கீழே கருநீல வட்டம், விளிம்பிலிருந்து கொடிகளும் வேர்களும் தண்ணீர்வரை தொங்குகின்றன. பாறையைக் குடைந்த படிக்கட்டில் இறங்க வேண்டும். அதற்கு முன் கட்டாயக் குளியல். சன்ஸ்கிரீன், கொசு மருந்து, எண்ணெய் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. நிலத்தடி நீர் ஒன்றோடொன்று இணைந்தது, குடிநீரும் அதுதான். சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கை நீச்சல் உடை எடுத்துப்போங்கள்.

குளத்தில் பழகியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: இக் கில் மாதிரிச் செனோட்டேயில் ஆழமில்லாத ஓரம் என்று ஒன்று இல்லை. ஏணியின் கடைசிப் படியை விட்டால் நேரே பல பத்து மீட்டர் ஆழம். நல்ல தண்ணீர், கடலைப்போல உடம்பைத் தூக்கிக்கொடுக்காது. வெப்பம் 24 டிகிரி பக்கம். வெயிலில் வெந்து வந்த சிங்கப்பூர் உடம்புக்கு அது சுருக்கென்று இருக்கும். குதித்தவுடன் மூச்சு இழுத்துப் பிடிக்கும், பயப்படாமல் ஊதி ஊதி வெளியே விடுங்கள், ஓரிரு நிமிடத்தில் பழகிவிடும்.

லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். கொக்கிகளை நானே இழுத்துப் பார்த்தேன். அக்காவுக்குக் கிடைத்த முதல் ஜாக்கெட் தோளில் தூக்கிப் பார்த்தால் காதுவரை வந்தது. மாற்றி வாங்கினேன். சரியான அளவு என்றால் தூக்கும்போது மோவாய்க்கு மேல் வரக் கூடாது. அக்காவுக்கு நீச்சல் தெரியாது. ஏணியில் இடுப்பளவு நின்றுகொண்டு, “ஏம்மா, இதுக்கு அடி எங்க இருக்கு?” என்றார். “அடியை விடுங்கக்கா, கயித்தைப் பிடிங்க” என்றேன். குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்தவர், மேலே வட்டமாகத் தெரிந்த வானத்தைப் பார்த்து ஏதோ முருகன் பாட்டு முணுமுணுத்தார். கறுப்புக் கெளுத்தி ஒன்று காலை உரசியதும் பாட்டு நின்றது.

இரண்டாவது, வயாடொலிட் பக்கத்தில் ஒரு கிராமத்துக் குகைச் செனோட்டே. கூரையில் ஒரே ஒரு துளை, அதன் வழியே ஒரு வெளிச்சத் தூண் தண்ணீருக்குள் இறங்குகிறது. மேலே நிற்கும் மரத்தின் வேர்கள் அந்தத் துளை வழியாகவே கீழே வந்து தண்ணீர் குடிக்கின்றன. ஆட்கள் குறைவு, உயிர்காப்பாளர் கண்ணை எடுக்காமல் நின்றார். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டோம், அது தொழில் மரியாதை. குதிக்க ஒரு மேடை உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர் என் கணவர். மேடையைப் பார்த்ததும் பன்னிரண்டு வயதாகிவிட்டார். ஜாக்கெட்டோடு குதித்தால் அது மேலே ஏறித் தாடையில் இடிக்கும். “என்னங்க, கையைக் குறுக்கே கட்டி ஜாக்கெட்டை அமுக்கிப் பிடிச்சுக்குங்க” என்று கத்தினேன், அப்படியே குதித்தார். ஏறி வந்து மறுபடியும் போனார்.

அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். முதல் செனோட்டேயில் உடை மாற்றுவது, குளியல், வரிசை போகத் தண்ணீரில் இருந்தது இருபத்தைந்து நிமிடம். இரண்டாவதில் அதுகூட இல்லை. கடையில் நின்ற ஐம்பது நிமிடம் இங்கே வந்திருந்தால் இந்த நிறுவனத்துக்கு நான் நாலு நட்சத்திரம் போட்டிருப்பேன். நிரலில் ‘வயாடொலிட் நகர உலா’ என்று இருந்தது. 1543இல் ஸ்பானியர் அமைத்த அழகான ஊர், தேவாலயத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகச் சுற்றிக் காட்டினார்கள்.

ஆகவே, மறுபடி போனால் சின்ன வேனில் ஆள் குறைவாகப் போகும் பயணத்தைத்தான் எடுப்பேன், விலை ஒன்றரை மடங்கானாலும் பரவாயில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்: காலை எட்டு மணிக்கு வளாகம் திறக்கும்போதே வாசலில் இருப்போமா, கடையில் நிறுத்துவீர்களா, தண்ணீரில் எவ்வளவு நேரம். மூன்றாவது கேள்விக்கு ‘தேவையான நேரம்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

வழிகாட்டிக்கு அன்பளிப்பைப் பெசோவாகக் கையில் கொடுங்கள். இன்னொன்று, யுகடான் மாநிலக் கடிகாரம் கன்கூனைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. போகும்போது ஒரு மணி நேரம் சும்மா கிடைத்த மாதிரி இருக்கும், திரும்பும்போது எல்லையில் கைபேசி அதைப் பிடுங்கிக்கொள்ளும். எங்களை விடுதியில் விட்டபோது இரவு ஒன்பதரை தாண்டிவிட்டது, அன்றிரவுக்கு விமானம் எதுவும் போட்டு வைக்காதீர்கள்.