பாராங்குக்குப் பழுப்பா, கருநீலமா?

பினாங்கு பாலிக் புலாவில் இருக்கும் என் தோட்டத்துக்கு என்று, ஒரே லாரி வில்பட்டை இரும்பில் இரண்டு பாராங் (செடி கொடி வெட்டுகிற நீளக் கத்தி) அடித்து வாங்கி வந்தேன். பட்டறையில் இருந்து வந்தபோது வெறும் இரும்பு. பினாங்கில் வெறும் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்றுக்குத் துருவேற்றிப் பழுப்பாக்கினேன், மற்றதற்கு 'கோல்ட் புளூ' (cold blue, சூடாக்காமல் தடவுவது) என்று குட்டி பாட்டிலில் விற்கிற கருநீல மருந்தைத் தடவினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் ஓட்டு பழுப்புக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழுப்பேற்றுவது துப்பாக்கிக்காரர்களின் பழைய வேலை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில், வாய்ப்பக்கம் வெடிமருந்து கெட்டிக்கும் நீளத் துப்பாக்கிகளின் குழலில் வேண்டுமென்றே மெல்லிய துருவை வரவழைத்து, தேய்த்து, திரும்ப வரவழைத்து, கடைசியில் எண்ணெய் போட்டு முடிப்பார்கள். நம் ஊரில் வீட்டில் குழல் செய்யும் ஆசையெல்லாம் வேண்டாம், மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் சும்மா விடாது. ஆனால் குழலா கத்தியா என்று இரும்புக்குத் தெரியாதே.

கருநீல மருந்து பற்றிச் சுருக்கமாக: வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எண்ணெய்ப் பசை போகக் கழுவி, துணியில் தொட்டுத் தடவினால் கண் முன்னாலேயே கறுக்கும். முதல் நாள் பார்க்க இதுதான் அழகு. ஆனால் அது இரும்பே மாறி வருகிற நிறம் இல்லை, மருந்தில் இருக்கும் செலினியமும் செம்பும் மேலே படிகிற மெல்லிய தோல். செலினியம் விஷம், அதனால் டுரியான் பிளக்கிற கத்திக்கு அதைப் பூச எனக்கே பிறகு மனசு வரவில்லை. அந்தப் பாராங் இப்போது புல் வெட்ட மட்டும்தான்.

பழுப்புக்குப் பொறுமை வேண்டும். உப்புத்தாளில் 240 எண் வரை (எண் கூடக் கூடத் தாள் நைசு) தேய்த்தேன், அதற்கு மேல் வழுவழுப்பாக்கினால் துரு பிடிக்க முரண்டு பிடிக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு அசிட்டோன், அதற்கப்புறம் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) கரைத்த தண்ணீரைப் பிழிந்த துணியால், ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்லிசாகத் தடவ வேண்டும். முதல் தடவை நான் தாராளமாகத் தடவி, சொட்டு வழிந்த இடமெல்லாம் கோடு கோடாகப் போய், முழுக்கச் சுரண்டி மறுபடி ஆரம்பித்தேன். குளிர் நாடுகளில் இதற்கென்று ஈரப்பெட்டி செய்வார்களாம். நமக்கு எதற்கு? குசினிக்குப் பின்னால் கம்பியில் தொங்கவிட்டேன், விடிவதற்குள் காவி நிறத்தில் பூத்திருந்தது. எண்ணெய் நீக்கிய இரும்புப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்து, மறுபடி தடவி, இப்படி ஏழு சுற்று. அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, எல்லாரும் துருவைத் தேய்ச்சு எடுப்பாங்க, நீ என்னடா வளர்க்கிற?" என்றார். கடைசியில் ஆப்பசோடாத் தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய். வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்துவிடாதீர்கள், சிவப்புத் துரு கறுப்பாக மாறிவிடும். அதுவும் நல்ல முறைதான், ஆனால் அது வேறு வேலை.

சரி, எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. இரண்டு பூச்சும் தனியாகத் துருவைத் தடுக்காது, எண்ணெய்தான் தடுக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் இரண்டு வாரம் தோட்டத்துப் பக்கம் போகாமல் எண்ணெயும் போடாமல் விட்டால் என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கருநீலத்தில் மர உறை உரசுகிற இடம் முதலில் வெளுத்தது, பிறகு அந்த வெளுப்பில் ஆரஞ்சுப் புள்ளிகள். புள்ளியைத் தேய்த்தால் நீலமும் சேர்ந்து போகிறது, மறுபடி மருந்து வைத்தால் ஒட்டுப் போட்ட மாதிரி வேறு நிறம். பழுப்பிலும் புதுத்துரு வரத்தான் செய்தது. ஆனால் அது ஏற்கனவே இருப்பதன் தம்பிதானே! எண்ணெய் நனைத்த துணியால் நாலு இழுப்பு இழுத்தேன், உதிர்வது உதிர்ந்தது, மீதி நிறத்தோடு சேர்ந்துகொண்டது. எந்த இடம் என்று இப்போது தேடினாலும் தெரியவில்லை. அந்தப் படலம் நுண்ணிய ஓட்டை ஓட்டையாக இருப்பதால் எண்ணெயையும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஒரு குறை உண்டு. வாழைத்தண்டும் மாங்காயும் வெட்டினால் துவர்ப்பு பட்ட இடம் கறுத்துப் போகிறது, தேயிலைச் சாயத்தில் இரும்பு கறுப்பதும் இதே சங்கதிதான். எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரே சீரான நிறம் வேண்டும் என்பவருக்குப் பிடிக்காது. கூர் விளிம்பில் பூச்சு நிற்காது, தீட்டும்போதே போய்விடும், அது இரண்டுக்கும் பொது. துருப்பிடிக்காத எஃகுக் கத்திக்கு இதில் எதையும் முயலாதீர்கள்.

என்னுடையது மலைப்பக்கத் தோட்டம். படகிலேயே கிடக்கிற, உப்புக்காற்றில் நாள் முழுக்க நனைகிற கத்திக்கும் பழுப்பு இப்படியே நடந்துகொள்ளும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆணித்தலை, திருகாணி மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு மட்டும் இன்னும் அந்தக் குட்டி பாட்டிலைத்தான் எடுக்கிறேன், ஒரு திருகாணிக்காக ஏழு நாள் காத்திருக்க யாரால் முடியும்?