நான்கு வருஷம் வைட்டமின் ஈ: கேப்சூல் செய்ததும் செய்யாததும்

எல்லோரும் முதலில் கேட்கிற கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை, முடி வளரவில்லை. நான்கு வருஷம், அநேகமாகத் தினமும் ஒன்று, 400 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) கேப்சூல் சாப்பிட்டேன். சீப்பில் வருகிற முடி வந்துகொண்டேதான் இருந்தது. மூன்றாவது வருஷக் கடைசியில் வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோது ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு, அதல பாதாளத்தில் கிடப்பது தெரிந்தது. டாக்டர் சொல்லி இரும்பு மாத்திரை தொடங்கினேன். ஆறேழு மாதத்தில் உதிர்வது குறைந்தது. அந்தப் பரிசோதனையை முதல் வருஷமே செய்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. கேப்சூல் கையில் இருந்ததால் எனக்குத்தான் தோன்றவில்லை.

நான் தொடங்கியதற்கு இரண்டு காரணம். ஒன்று முடி. இன்னொன்று அப்பாவுக்கு இருந்த இதய நோய். ஆன்டிஆக்சிடன்ட் (செல்களைச் சிதைவிலிருந்து காக்கும் பொருள், வைட்டமின் ஈ அதில் ஒன்று) என்றால் ரத்தக்குழாயைக் காக்கும் என்று எங்கோ படித்தது மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டரைக் கேட்கவில்லை. வைட்டமினுக்கெல்லாம் யார் டாக்டரிடம் போவார்கள் என்ற நினைப்பு.

முதல் தப்பு, காலையில் வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு விழுங்கியது. வைட்டமின் ஈ கொழுப்பில் கரைகிற சரக்கு. சாப்பாட்டில் கொஞ்சமாவது எண்ணெயோ கொழுப்போ இருந்தால்தான் குடல் அதை ஒழுங்காக உள்ளே எடுக்கும். கடுங்காப்பியில் அது ஏது? நாள் முழுக்க எண்ணெய் ஏப்பம் வந்ததுதான் மிச்சம். அரை வருஷம் கழித்து மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினேன், ஏப்பம் நின்றது.

இரண்டாவது தப்பு எண்ணில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான்கு வருஷத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

டப்பாவின் முன்பக்கம் 400 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நான் அதை மட்டும்தான் பார்த்து வாங்கினேன். முதல் இரண்டு வருஷம் ஒரு வகை, பிறகு ‘இயற்கையானது’ என்று போட்டிருந்த இன்னொரு வகை. இரண்டிலும் 400, எனவே இரண்டும் ஒன்று என்றே நினைத்தேன். ஒரு நாள் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய டப்பாவில் ‘டிஎல்-ஆல்ஃபா டோக்கோஃபெரில் அசிடேட்’. புதியதில் ‘டி-ஆல்ஃபா டோக்கோஃபெரால்’. கடைசியில் இருக்கும் ‘அசிடேட்’ வாலை விட்டால், ஓர் ‘எல்’ கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ‘எல்’ இருந்தால் ஆலையில் செயற்கையாகத் தயாரித்தது என்று பொருள். அதில் எட்டு விதமான மூலக்கூறு வடிவங்கள் கலந்திருக்கும். நம் உடம்பு அதில் பாதியைத்தான் வைத்துக்கொள்ளும், மீதியைக் கழித்துவிடும். அதனால் செயற்கை வகையில் 1 ஐ.யு. என்பது 0.45 மில்லிகிராம், இயற்கை வகையில் 0.67. கணக்குப் போட்டால் என் பழைய கேப்சூல் 180 மில்லிகிராம், புதியது 268. எண்ணை மாற்றாமலே அளவை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கியிருக்கிறேன்!

வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை என்று அமெரிக்காவில் வகுத்திருப்பது 15 மில்லிகிராம். அதாவது முதலில் 12 பங்கு, பிறகு கிட்டத்தட்ட 18 பங்கு சாப்பிட்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு மல்டிவைட்டமின் வேறு, அதிலும் ஈ உண்டு. மீன் எண்ணெய் கேப்சூல் வேறு, எண்ணெய் கெடாமலிருக்க அதிலும் கொஞ்சம் ஈ சேர்த்திருந்தார்கள். மூன்று டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் ‘தினம் ஒரு வைட்டமின்’ என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய பொய் என்று உறைத்தது.

மேல் எல்லை என்ன என்று தேடினால் இரண்டு விடை கிடைக்கும். அமெரிக்கக் கணக்கில் மாத்திரை வழியாக நாளுக்கு 1000 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்வது 300. இடைவெளி பெரியது, ஆனால் இருவரும் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: ரத்தம் உறைவது கெட்டுப்போகும். அதிக அளவு ஈ, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையில் குறுக்கிடுகிறது. தட்டணுக்கள் (காயத்தை அடைக்கும் ரத்த அணுக்கள்) ஒன்றோடொன்று ஒட்டுவதையும் குறைக்கிறது. ஐரோப்பியக் கோட்டுக்குக் கீழே கொஞ்ச இடம்தான் மிச்சம் வைத்திருந்தேன் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தெரிய வந்த விதம் ஒரு கடைவாய்ப்பல். மூன்றாவது வருஷம். வலி தாங்காமல் இரண்டு நாள் ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு பல் பிடுங்கப் போனேன். அங்கே கொடுத்த தாளில் ‘தற்போது சாப்பிடும் மருந்துகள்’ என்று ஒரு கட்டம். ‘இல்லை’ என்று எழுதினேன். பல் சுலபமாகத்தான் வந்தது. ரத்தம்தான் நிற்கவில்லை. கொட்டவில்லை, கசிந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, அரை மணிக்கொரு தரம் மாற்றுவது, சிவந்த எச்சிலைத் துப்புவது என்று இரவு கழிந்தது. விடிந்ததும் போன் செய்தேன்.

“வேற எதாவது மாத்திரை எடுத்துக்கிறீங்களாம்மா?”

“இல்ல டாக்டர். பல் வலிக்கு ஆஸ்பிரின் போட்டேன். மத்தபடி வைட்டமின் ஈயும் மீன் எண்ணெயும்தான்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “இதைத்தான் நேத்து கேட்டேன்” என்றார்.

நேரில் போய் இரண்டு தையல் போட்டுக்கொண்டு வந்தேன். நியாயமாகச் சொன்னால் வைட்டமின் ஈ-தான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஆஸ்பிரின் ஒன்றே போதும் அப்படிக் கசிய வைக்க. டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் ஆஸ்பிரினும் அதிக அளவு ஈயும் கயிற்றை ஒரே பக்கம் இழுக்கிறவை, சேர்ந்து இழுக்கவிட்டது நான். சில மாதங்களாகத் தொடையிலும் முழங்கையிலும் எங்கே இடித்தோம் என்றே தெரியாமல் கன்றிப்போகும் நீலத் திட்டுகளும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை என் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் இந்தக் கேப்சூலைத் தொடாதீர்கள். அறுவை சிகிச்சை தேதி குறித்திருந்தாலும் சொல்லிவிடுங்கள், பல மருத்துவர்கள் ஒன்றிரண்டு வாரம் முன்னாலேயே நிறுத்தச் சொல்கிறார்கள். புற்றுநோய்க்குக் கீமோவோ கதிர்வீச்சோ நடக்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான்.

தோல் கதையையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் ஒரு சூட்டுத் தழும்பு. ஊசியால் கேப்சூலைக் குத்திப் பிதுக்கினால் தேன் மாதிரி கெட்டியாக ஒரு சொட்டு வரும், விரலில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாது. தழும்பில் தடவியது போக மிச்சத்தை வீணாக்குவானேன் என்று கன்னத்தில் தேய்த்தேன். நான்காவது நாள் கன்னம் சிவந்து, பொடிப்பொடியாகத் தடித்து, அரிப்பு. தோல் மருத்துவர் பார்த்ததும் “என்ன தடவினீங்க?” என்றுதான் கேட்டார். தொடுஒவ்வாமை. தழும்பு அப்படியே இருக்கிறது. 1999-ல் மயாமியில் அறுவைத் தழும்புகளில் இதைத் தடவிப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு உண்டு. பத்துக்கு ஒன்பது பேருக்குப் பலனில்லை, இல்லாவிட்டால் தழும்பு இன்னும் மோசம். மூன்றில் ஒருவருக்கு என்னைப் போல ஒவ்வாமை. விழுங்கச் செய்த சரக்கைக் கண்ட வழியில் உடம்புக்குள் அனுப்பக்கூடாது போலிருக்கிறது. 2019-ல் அமெரிக்காவில் மின் சிகரெட் பிடித்தவர்களுக்கு நுரையீரல் கருகியதே, அதில் முக்கியமாக மாட்டியதும் வைட்டமின் ஈ அசிடேட்தான்.

அப்பாவின் இதயத்தை நினைத்துச் சாப்பிட்டேன் என்றேன் அல்லவா? ஹோப் என்ற பெரிய ஆய்வு அதை 2000-லேயே முடித்து வைத்துவிட்டது. இதய ஆபத்து உள்ள 9,500-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு, நான் சாப்பிட்ட அதே இயற்கை வகை 400 ஐ.யு.வை நாலரை வருஷம் கொடுத்தார்கள். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அதைவிட என்னை உலுக்கியது செலக்ட் ஆய்வு. 35,000-க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து, புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்கத் தொடங்கியது அது. பலன் தெரியாததால் 2008-ல் மாத்திரையை நிறுத்தினார்கள். 2011-ல் கணக்கு வந்தபோது, ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். ஏழு வருஷத்தில் ஆயிரம் பேருக்கு 65 என்பது 76 ஆனது. தினம் 400 ஐ.யு., செயற்கை வகை. என் முதல் டப்பாவில் இருந்த அதே ‘டிஎல்’. நான் பெண் என்பதால் அந்த ஆபத்து எனக்கில்லை. ஆனால் நான் தின்பதைப் பார்த்து என் கணவரும் ஒரு வருஷம் தின்றார்.

முடிக்கு ஆதாரமே கிடையாதா என்றால், ஒன்று உண்டு. நாற்பது பேர்கூட இல்லாத ஒரு மலேசிய ஆய்வு, எட்டு மாதத்தில் முடி கூடியது என்கிறது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது டோக்கோட்ரையினால், ஈ குடும்பத்தின் இன்னொரு கிளை. சாதாரணக் கேப்சூலில் இருக்கும் டோக்கோஃபெரால் இல்லை. டோக்கோஃபெரால் என்ற பெயருக்கே கிரேக்கத்தில் ‘பிள்ளைப்பேற்றைத் தாங்குவது’ என்ற மாதிரி அர்த்தம். 1922-ல் கலிஃபோர்னியாவில் ஈவான்ஸும் பிஷப்பும் இதைக் கண்டதே கரு தங்காத எலிகளை வைத்துத்தான். முடிக்கும் அதற்கும் பெயரளவில்கூட உறவில்லை!

உண்மையான பற்றாக்குறை அபூர்வம். கொழுப்பைச் செரிக்க முடியாத நோய்கள், சில பரம்பரைக் கோளாறுகள் இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். வந்தாலும் கைகால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது என்று நரம்பில்தான் முதலில் காட்டும். இப்போது நான் கேப்சூலை விட்டு ஏழெட்டு மாதம் ஆகிறது. ஒரு கைப்பிடி, அதாவது 28 கிராம் பாதாமில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் இருக்கிறது, சூரியகாந்தி விதையிலும் அவ்வளவே. ஒரு நாள் அது, ஒரு நாள் இது. தோல் வறண்டு போகவில்லை, நீலத் திட்டுகள் வருவதில்லை. சாப்பிட்ட காலத்தில் தோல் பளபளத்ததா என்று கேட்டால், அந்த நாளில் சோப்பையும் மாற்றியிருந்தேன், தெரியாது.

நான் நிறுத்திய அதே மாதம் அக்காவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார், தினம் 800 ஐ.யு. போன் செய்தாள். “ஏண்டி, நீ ஆகாதுன்னு விட்டுட்டே. எனக்கு மட்டும் ரெண்டு ரெண்டா எழுதியிருக்காங்களே?”

அவளுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அழற்சியாகி, திசு எடுத்துப் பார்த்து உறுதி செய்திருந்தார்கள். சர்க்கரை நோய் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குத் தினம் 800 ஐ.யு. இயற்கை வகையை 96 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வந்தது. கல்லீரல் தேறியவர்கள் 43 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 19. அவள் டாக்டர் ஆஸ்பிரின் உண்டா, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, எப்போது திரும்பி வந்து பரிசோதிக்க வேண்டும் என்று தேதியும் குறித்துத்தான் கொடுத்திருக்கிறார். “அவர் சொன்னபடி சாப்பிடுக்கா, சாப்பாட்டோட” என்றேன்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தவள் அலமாரியைத் திறந்து என் பழைய டப்பாவை எடுத்தாள். அடியில் பத்துப் பதினைந்து கேப்சூல் வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. “சும்மாதானே கிடக்கு, இதை முதல்ல தீர்த்துடறேன்” என்றாள். வாங்கித் திருப்பி, பின்பக்கத்து ‘எல்’லைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியவில்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.