பிறையில் எஞ்சின் வேலைக்குக் கொடுத்த ஆர்எக்ஸ்செட்: கார்புரேட்டர் பெயரில் நடந்த ஏமாற்று

பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரை (மோட்டார் சைக்கிளை) எஞ்சின் பிரித்து வேலை பார்க்கக் கொடுக்க நினைப்பவர்கள், குறிப்பாக மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பிறை, பட்டர்வொர்த் வட்டாரத்தில் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் புகார் விசாரணைக்குக் காத்திருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை.

என்னுடையது 133 சிசி யமஹா ஆர்எக்ஸ்செட். சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து (போர் செய்து), பிஸ்டன், ரிங், கிராங்க் சீல் ஆகியவற்றை மாற்றியதோடு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு ‘கார்புரேட்டர் முழு சர்வீஸ், டியூனிங்’ என்று ரசீதில் தனி வரியாக எழுதிப் பணம் வாங்கினார்கள். மோட்டார் கைக்கு வந்தது முதல் காலை நேரத்தில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. விடிவதற்குள் பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் வேலைக்குப் போக வேண்டிய எனக்கு, சோக்கைப் போட்டு உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். சூடேறிய பிறகு எளிதாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நின்ற இடத்திலேயே அளவுக்கு மீறி இரையும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் இரைச்சல் சட்டென்று இறங்காது.

திரும்பக் கொண்டுபோனபோது, “புது பிஸ்டன் தம்பி, இறுக்கமாத்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாயிடும்” என்றார் பட்டறைக்காரர். சரியாகவில்லை. பிறகு தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் போய்விட்டது என்றார், அதற்குப் பின் தீப்பொறி நேரத்தைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டி என்றார். இரண்டையும் மாற்றித் தனித்தனியாகப் பணம் வாங்கியும் கோளாறு அப்படியே இருந்தது. கழற்றிய பாகங்களைக் கேட்டால், குப்பைக்குப் போய்விட்டது என்று பதில்.

கடைசியில் புக்கிட் மெர்தாஜாமில் பழைய மோட்டார்களையே பார்த்துவரும் ஓர் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் காயில் பக்கமே போகாமல் முதலில் கார்புரேட்டரைக் கழற்றினார். வெளிப்புறம் பளபளவென்று இருந்தது; உள்ளே பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் டேங்க்கிலிருந்து வந்த துருப்பொடி படிந்திருந்தது. ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது பெட்ரோல் விடும் சிறு துளைப் பாகமான பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஊசிமுனை அளவுத் துளையில் பச்சை நிறக் கசடு ஏறி, ஓரமாகக் கீற்றுப்போல் மட்டுமே ஒளி தெரிந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது, ஏனென்றால் முழு சர்வீஸ் என்று பணம் வாங்கியவர்கள் இந்த ஜெட்டைத் தொடவே இல்லை.

அடைப்பினால் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும் நிலையில், பெட்ரோல் குறைந்து எஞ்சின் நின்றுவிடும் என்பதால், அது தெரியாமலிருக்க ஐட்லிங் திருகை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இந்த வகைக் கார்புரேட்டரில் சோக் போட்டால் தனி வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்படும். அந்த உறிஞ்சல் பலமாக இருக்க வேண்டுமானால் உள்ளே ஏறி இறங்கும் சிலைடு நன்றாக மூடியிருக்க வேண்டும். திருகை ஏற்றினால் சிலைடு தூக்கிக்கொள்கிறது, சோக் போட்டும் பயனில்லாமல் போகிறது. ஆக, ஒரு கோளாறை மறைக்கச் செய்த வேலையே காலை நேரத் தொல்லையை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. பெட்ரோல் குறைந்த கலவையில் தொடர்ந்து ஓடினால் எஞ்சின் கூடுதலாகச் சூடேறிப் புதிய பிஸ்டனில் கீறல் விழவும் வாய்ப்பு உண்டு.

அந்த அண்ணன் ஜெட்டையும் உள்வழிகளையும் சுத்தம் செய்து, கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரில் காற்று கசிகிறதா என்று சோதித்து, எஞ்சின் சூடான பிறகே ஐட்லிங்கில் சேரும் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்குருவை மெல்லத் திருப்பினார். இரைச்சல் அதிகமாகும் இடம், முழுதாக இறுக்கிய நிலையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று தளர்த்தியதும் கிடைத்தது. அதன் பிறகு ஐட்லிங் திருகைக் கீழே இறக்கினார். ஒரு சுற்றுக்குள்ளேயே அந்த இடம் வந்தால் பைலட் ஜெட் சிறியதாக இருக்கலாம் அல்லது அடைத்திருக்கலாம் என்றும், மூன்று சுற்றை நெருங்கினால் ஜெட் பெரியதாக இருக்கலாம் என்றும் சொன்னார். அவர் வாங்கிய கூலி, நான் காயிலுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

ஆகவே மோட்டாரை எடுக்கும்போது, சூடேற்றி வைத்து உதைத்துக் காட்டுவதை நம்பாதீர்கள். முந்தின இரவு பட்டறையிலேயே விட்டுவிட்டு, காலையில் குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் உதைக்கச் சொல்லுங்கள். மாற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்குமுன்பே பேசிவிடுங்கள். கேட்டதும் முகம் மாறினால் வேறு பட்டறையைப் பாருங்கள்.

1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சேவையை உரிய கவனத்தோடும் திறனோடும் செய்து தர வேண்டும். மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை. கார்புரேட்டர், காயில், சிடிஐ மூன்றுக்குமான ரசீதுகளையும் ஜெட்டின் படத்தையும் இணைத்து மனு கொடுத்துவிட்டேன். அது தெரிந்ததும் பட்டறைக்காரர் போன் போட்டுப் பாதிப் பணம் தருவதாகச் சொல்கிறார். முழுத் தொகை இல்லாமல் மனுவைத் திரும்பப் பெறுவதாக இல்லை.