தொப்பிக்காரர் டின்னும் என் காலைக் கஞ்சியும்

சீனி வருத்தம் என்று கிளினிக்கில் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து வீட்டில் எனக்குப் பாணுக்கும் புட்டுக்கும் தடை. மகள் கல்லடியில் ஒரு கடையில் குவேக்கர் ஓட்ஸ் டின் ஒன்றை வாங்கி வந்து, "அப்பா, இனிக் காலையில இதுதான்" என்று மேசையில் வைத்துவிட்டாள். ஒரு மாதம் சாப்பிட்டாயிற்று, இனி எழுதலாம்.

முதல் நாள் நானே காய்ச்சினேன். கிளறாமல் ரேடியோ கேட்டுக்கொண்டு நின்றதில் சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி வந்தது, பிழை என்னுடையதுதான். இரண்டாம் நாள் மனைவி பொறுப்பெடுத்தாள். ஒரு கப் ஓட்ஸுக்கு மூன்று கப் தண்ணீர், நாலு சின்ன வெங்காயம், இரண்டு பல் உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, தட்டிய மிளகு, ஒரு பிடி முருங்கையிலை. இறக்கும்போது ஒரு அகப்பை தேங்காய்ப்பால். நம் இலைக்கஞ்சிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். மத்தியானம் வரை பசிக்கவும் இல்லை. இரவில் எருமைத் தயிரில் ஊறவைத்தும் பார்த்தோம். நல்லாகத்தான் இருந்தது, ஆனால் பாணி விடாமல் தயிர் சாப்பிடுவது மட்டக்களப்பானுக்குத் தண்டனை.

சரி, டின்னில் சிரிக்கிற அந்தத் தொப்பிக்காரர் கதைக்கு வருகிறேன்.

2007இல் வாகரையிலிருந்தும் அப்புறம் படுவான்கரையிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது நான் ஒரு நிவாரண நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பர். எங்களோடு வேலை செய்த வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் தான் குவேக்கர் என்றார். நான் கம்பனிக்காரர் என்று நினைத்து, "ஓட்ஸ் எப்ப சேர் வரும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குவேக்கர்மார் என்பது 'நண்பர்கள்' என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற ஒரு கிறிஸ்தவ சமயப் பிரிவாம், அந்தக் கம்பனிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லையாம். 1877இல் அமெரிக்காவில் குவேக்கர் உடுப்புப் போட்ட ஓர் ஆளின் படத்தை வர்த்தகச் சின்னமாகப் பதிந்திருக்கிறார்கள். குவேக்கர் என்றால் அளவிலும் விலையிலும் ஏமாற்றமாட்டான் என்று அந்தக் காலத்தில் ஒரு பேர். அந்தப் பேரைத்தான் டின்னில் ஒட்டினார்கள். இப்போது அது பெப்சிக் கம்பனியின் சொத்து.

உண்மையான குவேக்கர்மார் துவக்குத் தூக்குவதில்லை. சண்டை வந்தால் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். 1917இல் பிலடெல்பியாவில் அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு என்று ஒன்றைத் தொடங்கி, முதலாம் உலகப் போர் முடிந்ததும் தோற்றுப்போன ஜெர்மனிக்கே போய் அங்குள்ள பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். டொக்டர் பார்த்து, மெலிந்த பிள்ளை என்றால் பள்ளிக்கூடத்தில் ஒருவேளைச் சாப்பாடு. கொக்கோ, அவரைச் சூப், வெள்ளைப் பணிஸ். உச்சத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 இலட்சம் பிள்ளைகள்! எனக்கு 400 குடும்பத்துக்கு மாவும் பருப்பும் அளந்து முடியவே பொழுதுபட்டுவிடும். ஸ்பெயினில் உள்நாட்டுச் சண்டை நடந்தபோதும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி இரண்டு பக்கமும் கொடுத்தவன் இரண்டு பக்கமும் அடிவாங்கியிருப்பான்.

1947இல் அவர்களுக்கும் லண்டனிலுள்ள நண்பர்கள் சேவை மன்றத்துக்கும் சேர்த்துச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்கக் குழுவுக்காக வாங்கப் போன ஹென்றி காட்பரியிடம் விழாவுக்குப் போடுகிற வால் கோட் இல்லை. புடாபெஸ்ட் இசைக்குழுவுக்கு அனுப்பவென்று தங்கள் ஸ்டோரில் சேர்த்து வைத்திருந்த கோட்டுகளில் ஒன்றை இரவல் எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். ஸ்டோர் கீப்பராக எனக்கு ஒரு கேள்விதான்: வவுச்சரில் யார் கையெழுத்து வைத்தது, திருப்பிக் கொடுத்த திகதி போட்டார்களா?

அந்த விழாவில் நோபல் குழுத் தலைவர் குன்னர் யான், பேரில்லாதவர்கள் பேரில்லாதவர்களுக்குச் செய்த உதவி என்று இவர்களைச் சொன்னார். எங்கள் நிறுவனத்தில் எல்லாம் மறுவளம். மா மூட்டையைக் கையில் தூக்கிப் பிடித்து, பின்னால் பதாகை தெரிய ஒரு படம் எடுத்த பிறகுதான் சாமான். படம் சரிவராவிட்டால் மறுபடி போய் நிற்க வேண்டும். ஒரு மனுசி சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்து முகத்தை மறைத்துக்கொண்டே நின்றாள். மூன்று தரம் எடுத்தார்கள், மூன்றிலும் மூட்டைதான் தெளிவாக விழுந்தது. கமரா வெளியே வந்தால் அந்தப் பெரியவரைக் காணக் கிடைக்காது. லொறிக்குப் பின்னால் போய் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பார். நான் எண்ணி முடித்ததைத்தான் திரும்ப எண்ணுவார், அதனால் அப்போது எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது.

ஓட்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு புத்திமதி: விலை கொஞ்சம் கூட என்றாலும் டின்னாகவே வாங்குங்கள். நம் கடற்கரைக் காற்றுக்கு, பிரித்த பைக்கற் ஒரு கிழமையில் நமுத்துவிடும். கெதியாக வேகிற வகையா என்றும் பார்த்து எடுங்கள், மற்றது அடுப்பில் கூடநேரம் கிடக்கும். எங்கள் முதல் டின் போன கிழமை முடிந்தது. மனைவி கழுவி வெயிலில் காயவைத்து, செத்தல் மிளகாய் போட்டு வைத்திருக்கிறாள்.