குமுளி பக்கம் கிளிக்கர் ட்ரெய்னிங்னு அட்வான்ஸ் கேட்டா பாத்துக் குடுங்க

குமுளி, வண்டிப்பெரியார், கம்பம் பக்கம் நாய் வளக்குறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. வீட்டுக்கே வந்து கிளிக்கர் (அமுக்குனா டிக்னு சத்தம் போடுற கையடக்க டப்பி) வச்சு பழக்கித் தர்றேன்னு கட்டப்பனை பக்கத்துல இருந்து ஒருத்தர் பைக்ல வர்றாரு, பேரு வேணாம், 6,000 ரூபா அட்வான்ஸ் வாங்கிட்டு எங்க கோம்பை நாயைக் கெடுத்து வச்சிட்டுப் போயிட்டாரு.

பேச்சுல ஒரு கொறை சொல்ல முடியாது. டால்பின் துள்ளுற நேரத்துல மீனை அது வாயில கொண்டு போயி வைக்க முடியாதுல்ல, அதனால விசில் ஊதி இதுக்குத்தான் மீனுன்னு தெரியப்படுத்துறது, 1960கள்ல ஹவாயில கேரன் பிரையர் அப்படித்தான் பழக்குனாங்க, நாய்க்கு அதே வேலையத்தான் இந்த டிக் சத்தம் செய்யுதுன்னு அழகா சொன்னாரு. அத்தனையும் சரி. கைதான் வரல.

நாய் உக்காரணும்னா பின்பக்கம் தரையத் தொடுற அந்த நொடியே அமுக்கணும். தீனி ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட் பிந்தி வந்தாக்கூட பரவால்ல, சத்தம் பிந்தக் கூடாது. இவரு மொதல்ல இடுப்புப் பையில கைய விடுவாரு, சிக்கன் துண்டை எடுப்பாரு, அப்பறம்தான் டிக். அதுக்குள்ள நாய் பையப் பாத்து எந்திரிச்சிடும். அக்கா மகன் போன்ல எடுத்த வீடியோவை ஸ்லோமோஷன்ல ஓட்டிப் பாத்தா, டிக் கேக்குறப்பல்லாம் பின்பக்கம் அந்தரத்துல இருக்கு. எந்திரிக்கிறதுக்கு காசு குடுத்து ட்ரெய்னிங் நடந்திருக்கு!

கேட்டுல இன்னும் மோசம். தேக்கடி ஜீப் போனா குரைக்கும், அத நிறுத்தத்தான் ஆளையே கூப்ட்டோம். குரைப்பு நின்னு மூச்சு வாங்குற எடத்துல அமுக்கணும், இவரு அமுக்குறதுக்குள்ள அடுத்த குரைப்பு ஆரம்பிச்சிரும். இப்ப ஜீப் வந்தா ஒரு தடவ குரைச்சிட்டு, திரும்பி எங்க கையப் பாக்குது. இதுபோக நாயைக் கூப்பிடவும் ரிமோட் மாதிரி டிக் டிக்னு அடிச்சாரு, பல நேரம் தீனியே குடுக்கல, அப்பறம் அந்தச் சத்தத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்.

வீடியோவைக் காட்டுனா, "சேட்டா, இது நாட்டு நாய், இதுக்கு இவ்வளவுதான் வரும், லேப்ரடார் வாங்குங்க"ங்கறாரு. காவலுக்குன்னே பேர் போன கோம்பையைப் பாத்து சொல்ற பேச்சா இது? பணத்தைக் கேட்டா போனே எடுக்குறதில்ல.

யாரு வந்தாலும் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பந்தை மேல இருந்து போட்டு, தரையத் தொடுறப்ப கரெக்டா அமுக்குங்கண்ணே பாப்போம்னு கேளுங்க. பந்து எகிறுன பிறகு டிக் கேட்டா டீ குடுத்து அனுப்பிருங்க. நாங்க அந்தக் கிளிக்கரை எடுத்துப் போட்டுட்டு, 'சபாஷ்'னு ஒரே சொல்லை வச்சு கொல்லைப்பக்கம், ஜீப் சத்தம் லேசா கேக்குற எடத்துல திரும்ப ஆரம்பிச்சிருக்கோம். உக்காருறது ஓரளவு வந்துருச்சு, கேட்டுல குரைக்கிறது அப்படியேதான் இருக்கு. கை ஒழுங்கா வர்ற ஆளு கம்பம் பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லுங்க.